பெங்களூரில் இருந்து மழைக்காட்டுக்கு: அனுமதி, அட்டை, ஆறு, அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரி

ஜூன் பிறந்தால் போதும், பெங்களூரில் எந்த அலுவலக வாட்ஸாப் குழுவாக இருந்தாலும் யாராவது ஒருத்தர் குத்ரேமுக் மலையின் படத்தைப் போட்டு "இந்த வாரம் போலாமா?" என்று கேட்டுவிடுவார். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்தும் மாரத்தஹள்ளியில் இருந்தும் கிளம்பும் டெம்போ டிராவலர்களில் நம்ம ஆட்கள் நிறைய. மதுரை, சேலம், திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள், மலை என்றால் கொடைக்கானலும் ஏற்காடும் பார்த்து வளர்ந்தவர்கள். கார் போய் நிற்கிற மலை வேறு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு வேறு. முதல் தடவை போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். எல்லோரும் பாம்புக்கும் யானைக்கும் பயப்படுகிறார்கள், ஆனால் காட்டில் ஆளை மாட்டிவிடுவது பெரும்பாலும் அவசரம். வெள்ளி ராத்திரி கிளம்பி, சனிக்கிழமை ஏறி, ஞாயிறு ஒரு அருவி பார்த்து, திங்கள் காலை ஒன்பது மணிக்கு லாகின் பண்ண வேண்டும் என்ற கணக்கு இருக்கிறதே, தூங்காமல் நடப்பது, பெருகி ஓடும் ஓடையைக் கடப்பது, இருட்டப்போகிறது என்று தெரிந்தும் உச்சிக்குப் போவது, குப்பையை அங்கேயே போட்டுவிட்டு வருவது எல்லாம் அதில் இருந்துதான் கிளைக்கின்றன.

அனுமதியும் பருவமும்

2024 ஜனவரியில், குடியரசு தினத்தை ஒட்டி வந்த நீண்ட விடுமுறையில், குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் குவிந்து பாதையில் வரிசை கட்டி நின்ற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதையடுத்து ஆன்லைன் முன்பதிவு இல்லாத பாதைகளைக் கர்நாடக அரசு மூடியது. அதே ஆண்டு அக்டோபரில் 'அரண்ய விஹாரா' என்ற இணையதளத்தைத் தொடங்கி, ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர் என்று வரம்பு வைத்துத் திறந்தது. குத்ரேமுக், நேத்ராவதி, குரிஞ்சல், கங்கடிகல் போன்ற தேசியப் பூங்காப் பாதைகளுக்கும், புஷ்பகிரி சரணாலயத்தில் இருக்கும் குமார பர்வதத்துக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அப்படிப் போவது குற்றம்.

பேக்கேஜில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: "பர்மிட் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். உங்கள் பெயர் போட்ட அனுமதிச் சீட்டை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டு அனுப்பத் தயங்கினால் அந்தக் குழுவோடு போக வேண்டாம், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் இருந்து மே வரை காட்டுத்தீக் காலம், பல பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் "எனக்கு உள்ளூர் ஆள் தெரியும், பின்வழியாக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருத்தர் கட்டாயம் வருவார். குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் காய்ந்த புல்மலையில் தீ பிடித்து, கொழுக்குமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புல்லில் பற்றிய தீ மேடு நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. தப்பித்தவறி எங்காவது புகை தெரிந்தால் மேலே ஏற வேண்டாம். வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம், இதில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். இன்னொரு தகவல், தமிழ்நாட்டு வனத்துறையும் 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது, அதற்கும் ஆன்லைனில்தான் பதிவு. ஊருக்குப் போகும்போது அதையும் யோசிக்கலாம்.

மழைக்காலத்தில் போகலாமா? போகலாம், திறந்திருந்தால். கிளம்பும் முன் இரண்டு நாள் இந்திய வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள், அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று ரத்து செய்துவிடுங்கள். பெங்களூரில் சாரல் அடிப்பதை வைத்து ஆகும்பேயை எடை போடக் கூடாது. அங்கே ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது, நமக்கு ஒரு வருடம் பெய்கிற மழை அங்கே ஜூலை ஒரு மாதத்துக்குள்ளேயே பெய்துவிடும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் பருவம் அக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை. புல் இன்னும் பச்சையாக இருக்கும், ஓடைகள் அடங்கியிருக்கும், அட்டைப்பூச்சியும் குறைவு. ஏப்ரல், மே, அக்டோபர் மாதப் பிற்பகல்களில் இடி மின்னல் வரும். 'தாமினி' என்ற செயலி மின்னல் எச்சரிக்கை தருகிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மொட்டைப் புல்மேட்டில் நிற்கும்போது இடி கேட்டால் உடனே இறங்க வேண்டியதுதான், ஒற்றை மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

சக்லேஷ்பூரில் இருந்து சுப்ரமண்யா வரை ரயில் பாதையில் நடக்கலாமா என்று இன்னமும் கேட்கிறார்கள். கூடாது. தண்டவாளத்தில் நடப்பதே குற்றம். 2023 ஜூலையில் தூத்சாகர் அருவிக்குத் தண்டவாளம் வழியாக வந்தவர்களை ரயில்வே போலீஸ் தோப்புக்கரணம் போட வைத்தது நாடு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்த செய்தி. தோப்புக்கரணம் பரவாயில்லை, சுரங்கப் பாதைக்குள் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமே இருக்காது.

வெள்ளிக்கிழமை ராத்திரி

பெங்களூரில் இருந்து குத்ரேமுக்குக்குப் பக்கத்து ஊரான கலசாவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி பத்து மணிக்கு டெம்போ டிராவலர் சில்க் போர்டைத் தாண்டுவதற்குள்ளேயே பாட்டு ஆரம்பித்துவிடும், பன்னிரண்டு மணிக்கு ஒரு டீ, இரண்டு மணிக்கு ஒரு டீ, அப்புறம் வளைவுகள். காலை ஆறு மணிக்கு ஒரு ஹோம்ஸ்டேயில் இறக்கிவிட்டு, இட்லியைப் போட்டு, ஏழரைக்கு ஜீப்பில் ஏற்றி முல்லோடிக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து குத்ரேமுக் உச்சி 1,890 மீட்டர் சொச்சம், போக வர 20 கிலோமீட்டர் வாக்கில் நடை. கண்ணில் தூக்கத்தோடு ஈரப்பாறையில் இறங்குகிறவர்களுக்குத்தான் கணுக்கால் பிசகுகிறது, அதுவும் பெரும்பாலும் பிற்பகலில், இறங்கும்போது.

நான் சொல்வது இதுதான். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இருந்து கேஎஸ்ஆர்டிசி ராத்திரி பஸ் பிடித்து கலசா போங்கள். சனிக்கிழமை சும்மா இருங்கள். காபித் தோட்டத்தைப் பாருங்கள், ஹொரநாடு கோவிலில் சாப்பிடுங்கள், ஒன்பது மணிக்குப் படுங்கள். ஞாயிறு காலை நடந்துவிட்டு திங்களுக்கு லீவு போடுங்கள். ஒரு லீவு மிச்சம் பிடிப்பதற்காக ஒரு முழு மலையைத் தூக்கக் கலக்கத்தில் பார்ப்பதில் என்ன லாபம் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

பேக்கேஜ்தான் என்றால் ஓட்டுநரைப் பற்றிக் கேளுங்கள். ஒரே ஆள் வெள்ளி ராத்திரி முழுக்க ஓட்டி, சனிக்கிழமை நீங்கள் நடக்கும்போது ஜீப் ஏற்பாடு, சாப்பாடு என்று அலைந்து, மறுபடி ராத்திரி மலைப்பாதையில் வண்டியை எடுக்கிறார். இரண்டு ஓட்டுநர்கள் இருக்கிறார்களா, இல்லையென்றால் பகலில் அவர் படுக்க இடம் உண்டா? "அண்ணா, கொஞ்ச நேரம் தூங்குங்க, நாங்க லேட்டாவே கிளம்பறோம்" என்று சொல்வதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

பையில் என்ன போடுவது

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும், அன்று காயாது, தொடையை உரசிப் புண்ணாக்கும். நைலான் அல்லது பாலியஸ்டர் பேன்ட், முழுக்கை டீ-சர்ட். மாற்று உடை ஒரு ஜோடியைத் தடிமனான பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பைக்கு மேலே போடுகிற ரெயின் கவரை மட்டும் நம்ப வேண்டாம், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். பையின் உள்ளேயே ஒரு பெரிய உறையைப் போட்டு அதற்குள் எல்லாவற்றையும் வைப்பதுதான் சரி. அந்த மாற்று உடை சொகுசுக்காக அல்ல. உச்சியில் காற்றும் மழையும் சேர்ந்தால் நம்ம ஊர் உடம்பு சீக்கிரம் விறைத்துவிடும். ஒருத்தர் நடுங்கிக்கொண்டே இருந்து, பேச்சு குழறி, கால் தடுமாறினால் அது களைப்பு என்று விட்டுவிடாமல் காற்று படாத இடத்தில் உட்கார வைத்து, ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, இனிப்பாக எதையாவது சாப்பிடக் கொடுத்து, கீழே கூட்டிப் போங்கள்.

ஷூவுக்கு அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் வேண்டும். ஜிம்முக்குப் போடுகிற ஓட்ட ஷூ ஈரப் பாசியில் வழுக்கும். புது ஷூவை நேராக மலைக்குப் போட்டுப் போகாமல், வாரம் முழுக்க லால்பாக்கில் போட்டு நடந்து பழக்குங்கள். ஹெட்லேம்ப் கட்டாயம், பகல் நடைதானே என்று விடாதீர்கள். விசில் ஒன்று. தண்ணீர் இரண்டு லிட்டர், ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு. ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் மேலே காட்டெருது படுத்திருக்கும், குளோரின் மாத்திரை போட்டுக் குடியுங்கள். சாப்பாட்டுக்குச் சப்பாத்தி, புளியோதரை, கடலைமிட்டாய், பேரீச்சை. எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொண்டு போனால் குப்பையே இல்லை. செக்போஸ்டில் பையைத் திறந்து சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து வைத்துக்கொள்ளும் வனக்காவலரோடு சண்டை போடவும் வேண்டியதில்லை.

போனில் பாதையின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிக்னல் தேடித் தேடித்தான் பேட்டரி தீர்கிறது, ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னல் தேவையில்லை. வீட்டில் யாராவது ஒருத்தரிடம், அறைத் தோழராக இருந்தாலும் சரி, எந்தப் பாதை, யாரோடு, ஹோம்ஸ்டே எண் என்ன, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மாவிடம் சொல்ல முடியாது என்றால் தம்பியிடமாவது.

நடக்கும்போது

மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள், வேகமான ஆள் ஒருத்தர் கடைசியில். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, யாராவது ஒன்றுக்குப் போனால்கூட அவர் நிற்பார். பாதை பிரியும் இடத்தில் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்து தலை எண்ணிவிட்டு நகருங்கள். மூன்று பேர் வேகமாகப் போய்விடுவது, இரண்டு பேர் படம் எடுக்க நிற்பது, நடுவில் ஒருத்தர் தனியாக மாட்டுவது, தொலைந்துபோகிற கதைகள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

மழைக்காட்டில் வேர்கள் பாதைக்குக் குறுக்கே ஓடும். தோல் உரிந்து பளபளவென்று இருக்கும் வேரின் மேல் கால் வைக்காதீர்கள், அதைத் தாண்டி மண்ணில் வையுங்கள். இறங்கும்போது வேர் பள்ளத்தை நோக்கிச் சரிந்திருக்கும், அங்கேதான் கால் விட்டுப்போகும். பாறையில் கறுப்பாக, ஈரமாக இருக்கும் பகுதியில் பாசி இருக்கும், சொரசொரப்பாக வெளிறித் தெரியும் பகுதியில் பிடிப்பு இருக்கும். ஏறும்போது இந்த வித்தியாசத்தைப் பார்த்துக் கண்ணைப் பழக்கினால் இறங்கும்போது உதவும். கைத்தாங்கலுக்கு ஓரத்துக் கிளையைப் பிடிக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள். மலபார் குழிவிரியன் மழைக்காலத்தில் ஓடையோரக் கிளைகளில் நம் கை உயரத்திலேயே அசையாமல் கிடக்கும், பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும், மஞ்சளாகக்கூட இருக்கும்.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். பகல் பன்னிரண்டரை என்று வைத்தால், உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் பன்னிரண்டரைக்குத் திரும்ப வேண்டும். சோலைக்குள் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மேகம் இறங்கினால் நாலரைக்கே. கூட வருகிற வழிகாட்டி "இன்னைக்கு வேண்டாம், இறங்கலாம்" என்றால் பேரம் பேசாதீர்கள். பெரும்பாலானவர்களுக்குக் கன்னடமும் துளுவும்தான். "ஆனெ இதெயா?", "நீரு ஜாஸ்தி இதெயா?" என்று இரண்டு வாக்கியம் தெரிந்து வைத்திருந்தால் யானை நடமாட்டமும் ஓடையின் நிலவரமும் கேட்டுக்கொள்ளலாம். குடகு, சிக்கமகளூரு காபித் தோட்டங்களில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு, வழி கேட்டால் டீ போட்டுக் கொடுத்து நம்ம ஊர் எது என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

அட்டை

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், ஆனால் காட்டிலேயே ஆபத்து குறைந்த பிராணி இதுதான். நோய் எதையும் தருவதில்லை என்று சொல்லலாம், அருவருப்பு மட்டும்தான். சருகின் முனையில் நின்றுகொண்டு, உடம்பை நீட்டி, காற்றில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். நம் காலடி அதிர்வும் மூச்சுக் காற்றும் பட்டதும் வளைந்து வளைந்து நம் பக்கமாக வரும். ஒரே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் ஷூவில் நாலைந்து ஏறிவிடும். அதனால் ஓய்வு எடுப்பதாக இருந்தால் சருகு இல்லாத பாறையில் எடுங்கள்.

முழங்கால்வரை வரும் நெருக்கமான துணியில் தைத்த அட்டை சாக்ஸ் கிடைக்கிறது, அதைப் பேன்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் ஏறுவது தெரியும். சாக்ஸின் மேல் வேப்பெண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு, மூக்குப்பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தடவுகிறவர்களும் உண்டு, மழையில் இரண்டுமே கொஞ்ச நேரத்தில் கழுவிப் போய்விடும். உப்புப் பொட்டலத்தை வழியெல்லாம் தூவிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும். அந்த மண்ணில் தவளையும் நத்தையும் மண்புழுவும் இருக்கின்றன, உப்பு அவற்றையும் சேர்த்துத்தான் எரிக்கும்.

கடித்துவிட்டால் பதறாதீர்கள். அட்டைக்கு இரண்டு முனை, இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய முனைதான் வாய். அந்த இடத்தில் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, வாய்ப் பக்கமாகத் தள்ளுங்கள், விட்டுவிடும். உடனே மறுமுனையையும் அதேபோலத் தள்ளிச் சுண்டிவிடுங்கள், தாமதித்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும். தீக்குச்சியால் சுடுவது, உப்பு வைப்பது, பிய்த்து இழுப்பது வேண்டாம். குடித்ததைப் புண்ணுக்குள்ளேயே கக்கிவிடும், புண் சீழ் பிடிக்கவும் வழியாகும். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சுரப்பை விடுவதால் அட்டை போன பிறகும் ரத்தம் வழிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியை மடித்து அழுத்திக் கட்டுங்கள். ராத்திரி அரிக்கும், சொறியாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கிளம்பும் முன்னரே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையைவிட உண்ணியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 1957இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சல் பெரும்பாலும் உண்ணிக்கடியால்தான் பரவுகிறது, டிசம்பரில் இருந்து மே வரை அதிகம். கொடசாத்ரி, தீர்த்தஹள்ளி, சிருங்கேரி வட்டாரம் போகிறவர்கள் செத்த குரங்கு கிடந்தால் பக்கத்தில் போகாமல் உள்ளூர் சுகாதார நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். பூச்சி விரட்டி தடவிக்கொள்ளுங்கள், தரையில் துண்டை விரித்துப் படுக்காதீர்கள். உண்ணி கடித்திருந்தால் சின்ன இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது.

ஆறும் அருவியும்

காலையில் கணுக்கால் அளவு தண்ணீரில் தாண்டிய ஓடை மாலையில் இடுப்பளவு ஓடும். நாம் நிற்கிற இடத்தில் மழையே இல்லாமல் இருக்கலாம், மேலே மலையில் கொட்டியது ஒரு மணி நேரம் கழித்து வரும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று காபி நிறமாக மாறுகிறதா, சருகும் குச்சியும் மிதந்து வருகின்றனவா, சத்தம் கனக்கிறதா, இதில் எது நடந்தாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போங்கள், பையை எடுக்க, செருப்பை எடுக்க என்று திரும்ப வேண்டாம்.

முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் கடக்காதீர்கள். அதுக்கு உத்தி எதுவும் கிடையாது, காத்திருப்பதுதான் உத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகள் சீக்கிரம் பெருகுவதுபோலச் சீக்கிரம் வடியவும் செய்யும், இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இங்கேதான் திங்கட்கிழமை லாகின் நம் கண்ணை மறைக்கும். அதற்கும் குறைவான தண்ணீரைக் கடப்பதாக இருந்தாலும் பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, ஷூவோடு, கம்பை மேல்நீரோட்டப் பக்கம் ஊன்றி, பக்கவாட்டில் அடி எடுத்து வையுங்கள். கீழே எங்கே கொண்டுபோகும் என்று முதலில் பாருங்கள். ஐம்பது அடி தள்ளி அருவி இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

அருவியின் விளிம்புக்குப் போகாதீர்கள். 2023 ஜூலையில் கொல்லூர் அருகே அரிசினகுண்டி அருவியில், நண்பர் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் பாறையில் வழுக்கித் தண்ணீரில் போனார். அந்தக் காட்சி எல்லோர் போனிலும் வந்தது. அதற்கப்புறமும் அதே மாதிரிப் பாறையில் ரீல்ஸ் எடுக்க நிற்கிறார்கள்.

பாம்பு, யானை, காட்டெருது

பாம்பு கடித்தால்: கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, வாட்ச் கழற்றுங்கள், வீங்கும். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, முடிந்தவரை ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். சிக்னல் வந்ததும் 108. நாட்டு வைத்தியம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் எதிரானது. இந்தக் காடுகளில் இருக்கும் குழிவிரியன்களுக்கும் ராஜநாகத்துக்கும் அது பொருந்தாது. அதனால் எது கடித்தது என்று எட்ட நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் மருத்துவருக்கு உதவும், ஆனால் அதற்காகத் துரத்தக் கூடாது, அடிக்கவும் கூடாது.

ஆவி பறக்கும் சாணம், புதிதாக முறிந்த மூங்கில், அடிவயிற்றில் கேட்கும் உறுமல், இவை தெரிந்தால் யானை பக்கத்தில்தான். பேச்சை நிறுத்தி, வந்த வழியே சத்தமில்லாமல் பின்வாங்குங்கள், வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். குத்ரேமுக் புல்வெளியில் காட்டெருது சாதாரணமாகத் தெரியும், மாடு மாதிரி மேய்கிறதே என்று படம் எடுக்க நெருங்க வேண்டாம், தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் உடம்பைக் காட்டினால் அது மிரட்டுகிறது என்று அர்த்தம். குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள்.

வழி தவறினால்

நில்லுங்கள். உட்காருங்கள். கடைசியாகத் தெளிவான பாதை எங்கே இருந்தது என்று யோசித்து, அடையாளம் நிச்சயம் என்றால் மட்டும் அதுவரை திரும்புங்கள். விசிலை மூன்று மூன்றாக ஊதுங்கள். அவசர உதவி எண் 112க்கு முயன்று பாருங்கள், உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகக் கிடைக்கலாம். "ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊரு வந்துடும்" என்று நம்ம ஊரில் சொல்வது சமவெளிக்குச் சரி. இங்கே ஓடைகள் நூறு, இருநூறு அடி செங்குத்துப் பாறையில் விழுகின்றன. பாதி இறங்கியபின் கீழேயும் போக முடியாது, மேலேயும் ஏற முடியாது. இருட்டிவிட்டால் காய்ந்த உடையைப் போட்டுக்கொண்டு, பைக்கு மேல் உட்கார்ந்து, விடியும்வரை இருந்த இடத்தில் இருங்கள்.

காட்டுக்கு நாம் என்ன செய்கிறோம்

துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் குத்ரேமுக் தேசியப் பூங்காவுக்குள் பிறக்கின்றன. இரும்புத்தாது வெட்டிக்கொண்டிருந்த சுரங்கத்தை உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 கடைசியில் மூடிய இடம் இது. குடகுப் பக்கத்துச் சோலைகளில் ஊறும் தண்ணீர் காவிரியில் சேர்ந்து அல்சூரிலும் ஜெயநகரிலும் நம் வீட்டுக் குழாயில் வருகிறது. அந்தப் புல்வெளி வெறும் புல் இல்லை, பெய்கிற மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் மெதுவாக விடுகிற பஞ்சு. ஒருத்தர் சகதிக்குப் பயந்து பாதையை விட்டு ஓரமாக நடந்தால் அடுத்த வாரம் அங்கே இரண்டாவது பாதை, மழை முடிவதற்குள் பத்தடி அகலச் செம்மண் தழும்பு. அப்புறம் அந்த மண் கரைந்து ஓடைக்குப் போகிறது. சகதி இருந்தால் சகதியில் நடங்கள், ஷூவைக் கழுவினால் போய்விடும். வளைவுகளைக் குறுக்கே வெட்டிப் போவதும் இதே கதைதான்.

கையில் பூச்சி விரட்டியும் சன்ஸ்கிரீனும் தடவியபடி ஓடையில் முங்காதீர்கள், தவளைகளைத் தொடாதீர்கள். அவை தோலாலும் மூச்சு விடுகின்றன, நம் கையில் இருப்பது நேராக உள்ளே போகும். ஆர்க்கிட் செடியைப் பிடுங்கி பால்கனிக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு தகவல், அது பெங்களூரில் பிழைக்காது, பிடுங்குவது சட்டப்படி குற்றமும்கூட. புளூடூத் ஸ்பீக்கர், டிரோன், பாட்டில் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். குடகில் தேவரகாடு என்று ஊர்க்காரர்கள் காக்கிற கோவில் காடுகள் உண்டு, அங்கே செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், ஒரு இலைகூட எடுக்க வேண்டாம்.

பேச யாரும் விரும்பாத விஷயம் ஒன்று, கழிப்பறை. முடிந்தவரை ஹோம்ஸ்டேயிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். வழியில் அவசரம் என்றால் ஓடையில் இருந்தும் பாதையில் இருந்தும் குறைந்தது நூறு அடி எடுத்து வைத்துத் தள்ளிப் போய், முக்கால் சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்ததும் மண்ணைப் போட்டு மூடுங்கள். தனியாகப் போகாமல் ஒருத்தரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஈரத் துடைப்பானும் நாப்கினும் மண்ணில் மக்காது, பன்றி தோண்டி வெளியே போட்டுவிடும். செய்தித்தாளில் சுற்றி ஜிப் கவரில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். கூட வரும் பெண்களுக்காகக் குழு நிற்க வேண்டியிருந்தால் முணுமுணுக்காமல் நில்லுங்கள். ஆரஞ்சுத் தோலும் வாழைத் தோலும் 'மக்கும்தானே' என்று வீசுவதும் வேண்டாம், மக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் குரங்கு பழகிவிடும்.

திரும்பி வந்தபின்

ஷூவின் பள்ளங்களில் இருக்கும் மண்ணையும் பேன்ட்டில் ஒட்டிய விதைகளையும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாமல் ஹோம்ஸ்டேயிலேயே பிரஷ் வைத்துத் தேய்த்துவிடுங்கள், ஒரு மலையின் களைச்செடியை அடுத்த மலைக்குக் கொண்டுபோகாமல் இருக்க அதுதான் வழி. உண்ணிப்பூச் செடி எங்கும் பரவியதில் விதை சுமந்து திரியும் பறவைக்கும் நமக்கும் பங்கு உண்டு. கொண்டுவந்த குப்பையை வழியில் டீக்கடைத் தொட்டியில் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து உலர் குப்பையில் போடுங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு என்று உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று குளிக்கும்போது பாருங்கள். போட்ட துணியைச் சுடுதண்ணீரில் ஊற வையுங்கள்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் திடீர்க் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பு வலி வந்தால் ரெண்டு டோலோ போட்டுவிட்டு அலுவலகம் போய்க்கொண்டிருக்காதீர்கள். குரங்குக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் மூன்றுமே சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் ஆரம்பிக்கும், எங்கே போனோம் என்று சொல்லாவிட்டால் பெங்களூர் மருத்துவர் டெங்கு என்று நினைத்து அதற்குத்தான் பரிசோதனை எழுதுவார். எந்தக் காடு, எந்தத் தேதி, அட்டை கடித்ததா உண்ணி கடித்ததா, ஓடையில் இறங்கினீர்களா, உடம்பில் எங்காவது கறுப்பாகப் பொருக்கு தட்டிய புண் இருக்கிறதா, இவ்வளவையும் அவர் கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.